இடுப்பு ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிறவருக்கு: பாய், குந்து, கிணற்றடி பற்றிய ஒரு விளக்கம்

வன்னியில் ஒரு சராசரி வீட்டில் நாளில் பாதி நிலத்தோடு ஒட்டித்தான் கழிகிறது. பாயில் படுக்கை, சம்மணம் கட்டி இருந்து சாப்பாடு, அடுப்படியில் குந்தி இருந்து தேங்காய் திருவுவது, வளவின் பின்மூலையில் குந்துகிற மலசலகூடம், கிணற்றடியில் குனிந்து வாளி தூக்கிக் குளிப்பது. இடுப்பு மூட்டு மாற்றிய ஒருவர் முதல் சில மாதங்களுக்குச் செய்யக்கூடாத அசைவுகளை ஒரு தாளில் எழுதச் சொன்னால் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் வரும். வார்ட்டில் பிசியோ மிஸ் சொல்லித் தருவது நல்ல அறிவுரைதான், ஆனால் அது உயரமான கட்டிலும் கைபிடி வைத்த கதிரையும் இருந்து போகிற கொமட்டும் உள்ள இடத்தில் சொல்லப்படுவது, வீட்டுப் படலையடியில் வாகனம் வந்து நின்றதும் அதில் பாதி பொருந்தாமல் போய்விடுகிறது. ஆகவே இங்கே விதிகளோடு அவை ஏன் வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். காரணம் விளங்கிவிட்டால், யாரும் சொல்லித் தராத ஒரு நிலைமை வந்தாலும் (கட்டாயம் வரும்) என்ன செய்வதென்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

முதலில், உள்ளே செய்தது என்ன?

வீட்டில் எல்லோரும் "இடுப்பு ஒப்பரேஷன்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது பல வகை. வயதானவர் முற்றத்தில் சறுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால், பல நேரம் அந்த எலும்பின் உருண்டைத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை ஒன்றை வைப்பார்கள். இது பாதி மாற்று. ஆஸ்பத்திரி தருகிற டயக்னோசிஸ் கார்ட்டில் ஏஎம்பி என்று எழுதியிருந்தால் இதுதான், அமெரிக்காவின் தென் கரோலினாவில் இருந்த ஒஸ்டின் மூர் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரில் வந்தது. மூட்டு தேய்ந்துபோனவர்களுக்குத் தலையோடு கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவது முழு மாற்று, ரீஎச்ஆர் என்று எழுதுவார்கள். உலோகத் தலையும் தடித்த பிளாஸ்டிக் கிண்ணமுமாக ஜோன் சார்ன்லி 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் செய்து காட்டியதன் வழிவந்ததுதான் இன்று செய்கிற முழு மாற்று. மூன்றாவது, முறிந்த எலும்பை எடுக்காமல் அப்படியே பொருத்தி ஸ்குரூ, பிளேட், அல்லது எலும்புக்குள் ஒரு கம்பி வைத்து இறுக்குவது. டிஎச்எஸ் என்று கார்ட்டில் இருந்தால் இந்த வகை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், முதல் இரண்டு வகைக்கும் பெரிய பயம் மூட்டு கழன்று வெளியே வருவது. மூன்றாவது வகையில் அந்தப் பயம் இல்லை என்றே சொல்லலாம், ஏனென்றால் உருண்டை அவரவர் சொந்த உருண்டை. அங்கே கேள்வி, முறிந்த இடம் சேரும்வரை அந்தக் காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்பது. சிலருக்கு "தாங்கும் அளவுக்கு முழுப் பாரமும் போடுங்கள்" என்பார்கள், சிலருக்கு, குறிப்பாக மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த இளம் வயதுக்காரருக்கு, "விரல் நிலத்தில் தொட்டால் போதும்" என்பார்கள். பக்கத்துக் கட்டில் ஐயா மூன்றாம் நாளே நடந்தார் என்பதற்காக நீங்களும் நடக்க வேண்டும் என்றோ, அவர் இன்னும் நடக்கவில்லை என்பதற்காக நீங்களும் படுத்திருக்கலாம் என்றோ இல்லை. வீட்டுக்கு வரும் முன் டொக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மூட்டு மாற்றியதா, எலும்பைப் பொருத்தியதா? இந்தக் காலில் எவ்வளவு பாரம் போடலாம்? பதிலை டயக்னோசிஸ் கார்ட்டின் பின்பக்கத்திலேயே தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கோட்டைக் கண்டால் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, இந்த ஒரு நாளைக்கு அதை விட்டுவிடலாம்.

90 பாகை விதி எங்கிருந்து வந்தது?

இடுப்பு மூட்டு என்பது சிரட்டைக்குள் ஒரு தேசிக்காய் இருப்பது போன்ற அமைப்பு. சிரட்டை இடுப்பெலும்பில் இருக்கிறது, தேசிக்காய் தொடை எலும்பின் தலை. இரண்டையும் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள தடித்த சவ்வுறையும் தசைகளும். மூட்டு மாற்றும்போது பல நிபுணர்கள் பின்பக்கமாக, அதாவது பிட்டத்துப் பக்கமாக வெட்டித்தான் உள்ளே போவார்கள். போகும் வழியில் அந்தச் சவ்வையும் சில சிறிய தசைகளையும் வெட்டித்தான் ஆக வேண்டும், வரும்போது தைத்துவிடுவார்கள். தைத்தது நன்றாக ஒட்டி இறுகுவதற்கு 6 வாரம் முதல் 3 மாதம் வரை போகும். அதுவரை பின்பக்கம் பலவீனமான பக்கம்.

இப்போது தொடையை வயிற்றை நோக்கி மடக்கிப் பாருங்கள் (ஒப்பரேஷன் செய்யாதவர் மடக்கிப் பார்க்கவும்!). உடம்புக்கும் தொடைக்கும் இடையிலான கோணம் 90 பாகையைத் தாண்டி ஒடுங்கும்போது, செயற்கைத் தலைக்குக் கீழே உள்ள கழுத்து கிண்ணத்தின் முன் விளிம்பில் போய் முட்டுகிறது. முட்டிய பிறகும் மடக்கினால் அந்த விளிம்பே நெம்புகோலாகி உருண்டையைப் பின்பக்கமாகக் கிளப்பிவிடும். முழங்கால் மற்றக் காலின் பக்கம் சாய்ந்தோ, பாதம் உள்நோக்கித் திரும்பியோ இருந்தால் இன்னும் இலகுவாகக் கழன்றுவிடும். இதனால்தான் மூன்று தடைகள்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது, ஒப்பரேஷன் செய்த காலின் பெருவிரல் உள்நோக்கித் திரும்பக்கூடாது. குந்துவதில் முதல் தடை மிக மோசமாக உடைகிறது. சம்மணத்தில் கால் மேல் கால் வருவதோடு, எழும்பும்போது இடுப்பு முழுதாக மடங்கி முறுகுகிறது. முன்பக்கமாக வெட்டிச் செய்திருந்தால் தடைகள் வேறு, அதனால் எந்தப் பக்கமாகச் செய்தார்கள் என்பதையும் கேட்டு வைத்தால் நல்லது.

அளவுகோல் இல்லாமல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கதிரையில் இருக்கிறவரின் தொடைமேல் உண்மையான ஒரு தேசிக்காயை வையுங்கள். அது முழங்கால் பக்கம் உருண்டால் சரி. வயிற்றுப் பக்கம் உருண்டால் கதிரை பதிவு, அதாவது உயரம் போதாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. கதிரையில் இருப்பதைவிட அதிலிருந்து எழும்புவதில்தான் ஆபத்து கூட. வழமையாக நாம் எழும்பும்போது நெஞ்சை முழங்காலுக்கு மேலே கொண்டுபோய், கால்களை உள்ளே இழுத்து, ஒரு உந்து உந்துவோம். அந்த நொடியில் கோணம் 90ஐ நன்றாகத் தாண்டிவிடும். ஆகவே முதலில் கதிரை விளிம்புக்கு நகர்ந்து வர வேண்டும், ஒப்பரேஷன் செய்த காலை முன்னே நீட்ட வேண்டும், இரண்டு கையையும் கதிரைக் கைபிடியில் ஊன்றி உடம்பை நேராகத் தூக்க வேண்டும். கைபிடி இல்லாத கதிரை இதற்கு உதவாது. வோக்கரைப் பிடித்து இழுத்து எழும்புவதும் கூடாது, அது ஆளின் மேலேயே சரியும். கீழே விழுந்த பொல்லை எடுக்கக் குனிவது, கட்டிலில் இருந்தபடி காலடியில் கிடக்கும் போர்வையை எட்டி இழுப்பது, இவையும் அதே கணக்குத்தான்.

வீட்டை உயர்த்துவது

ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இதைச் செய்து முடிக்க வேண்டும். அவரை நிற்க வைத்து (அல்லது கட்டிலில் வைத்தே) பாதத்தின் அடியிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதோடு 2 அங்குலம் கூட்டினால் அவருக்கான உயரம் வரும். மடிப்பு வரை 16 அங்குலம் என்றால் கதிரை, கட்டில், கொமட் எல்லாம் 18 அங்குலமாவது இருக்க வேண்டும்.

சந்தையில் வாங்குகிற பிளாஸ்டிக் கதிரை பலருக்கு இந்த அளவுக்கு வராது. ஒரே மாதிரியான இரண்டைக் கைபிடியோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் உயரமும் கூடும், பலமும் கூடும். வழுவழுப்பான சீமெந்து நிலத்தில் பிளாஸ்டிக் கால் விரிந்து சறுக்கும் என்பதால் முதுகைச் சுவரோடு அண்டி வைத்துவிடுங்கள். மெத்தை போட்டு உயர்த்துவதென்றால் இறுக்கமான மெத்தை, பஞ்சு மெத்தை இருந்ததும் அமுங்கிப் பழைய உயரத்துக்கே வந்துவிடும். சாய்மனைக் கதிரை, பதிந்த செற்றி, ஊஞ்சல், திண்ணை, இவை எல்லாம் கொஞ்ச நாளைக்கு மற்றவர்களுக்கு.

கட்டிலை உயர்த்தக் கால்களுக்குக் கீழே செங்கல்லோ சீமெந்துக் கல்லோ அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எழும்புகிறவர் கட்டில் விளிம்பில் பாரத்தைப் போட்டதும் கட்டில் அசைந்து கல்லிலிருந்து இறங்கினால் கதை முடிந்தது. தச்சுவேலை செய்கிறவரிடம் சொன்னால் பாலை அல்லது முதிரைக் கட்டையில் நான்கு துண்டு வெட்டி, கட்டில் கால் இறங்கி நிற்கிற மாதிரி நடுவில் குழி தோண்டித் தருவார். தொய்ந்த கட்டில் என்றால் மேலே பலகை போடுங்கள். படுக்கும்போது நிமிர்ந்து படுத்து இரண்டு காலுக்கும் இடையில் ஒரு தடித்த தலையணை. பக்கவாட்டில் படுக்க அனுமதித்தால் ஒப்பரேஷன் செய்யாத பக்கம், அப்போதும் தலையணை இடையில். நுளம்புவலையைச் செருகுவது வீட்டில் வேறு யாருடைய வேலையாவது.

மலசலகூடம்தான் உண்மையான தலைவலி. குந்துகிற கோப்பைக்கு மேலே வைக்கக்கூடிய, அடியில் திறந்த கொமட் கதிரை மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். உயரம் கூட்டிக் குறைக்கிற கால் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஊரில் பல வீடுகளில், யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்கோ இறந்துபோன பாட்டிக்கோ எடுத்த கொமட் கதிரையும் வோக்கரும் கொட்டிலில் கிடக்கும், கேட்டால் தருவார்கள். ஆனால் வாங்கி வந்ததும் துருவையும் ரப்பர் மூடிகளையும் பாருங்கள். பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டிக் கொமட் செய்வது பரவலான பழக்கம். நடுப்பலகையில் ஓட்டை போட்டதும் கதிரையின் பலம் போய்விடுகிறது, ஒரு பக்கம் சாய்ந்து இருக்கும்போது பிளந்துவிடும். அதைவிட மரத்தில் அடித்த கதிரை நல்லது. வோக்கர் மலசலகூடக் கதவுக்குள் நுழையுமா என்று அளந்து பாருங்கள். நுழையாவிட்டால் அதை வெளியே விட்டுவிட்டு இரண்டு அடி ஒன்றையும் பிடிக்காமல் எடுத்து வைக்க வேண்டிவரும், அந்த இரண்டு அடியில்தான் விழுவார்கள். வெல்டிங் கடையில் ஒரு ஜிஐ பைப்பை வெட்டி வளைத்துச் சுவரில் பதித்தால் கைபிடி தயார். தண்ணீர் வாளியை நிலத்தில் வைக்காமல் ஒரு ஸ்டூலில் வையுங்கள், கழுவுவதற்குப் பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோக வேண்டும்.

இரவில் வளவின் மூலைக்குப் போகவே வேண்டாம். இருட்டு, பாம்பு, நனைந்த புல்லு, தூக்கக் கலக்கம், எல்லாம் ஒன்றாகச் சேருகிற நேரம் அது. கொமட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில், அடியில் ஒரு வாளியோடு வைத்துவிடுங்கள். "அறைக்குள்ள இதென்ன வேலை" என்று ஆச்சி முகத்தைச் சுழிப்பார். முதல் இரவோடு அந்தக் கூச்சம் போய்விடும்.

குளிப்பைப் பொறுத்தவரை, தையல் பிரிக்கும்வரை (வழமையாக 10 முதல் 14 நாள்) காயத்தை நனைக்காமல் உடம்பைத் துடைத்துவிடுவது பாதுகாப்பு. பிறகு கிணற்றடியில் கைபிடிக் கதிரையில் இருத்தி இன்னொருவர் அள்ளி ஊற்றலாம். அதற்கு முன் கிணற்றுக்கட்டின் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து எடுங்கள். வாளி தூக்குவதையும் துலாவில் தண்ணீர் அள்ளுவதையும் நினைக்கவே வேண்டாம்.

முற்றம் மணல் என்றால் வோக்கர் கால் புதையும், மாரியில் சேறாகிவிடும். வாசலிலிருந்து மலசலகூடம் வரைக்கும் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் கிரவல் பறித்து, பரவி, இடித்துவிட்டால் மூன்று மாதத்துக்கும் நிம்மதி. வழியில் படுக்கிற நாயை வேறு இடத்தில் கட்டுங்கள். ஆண்களுக்குச் சாரம், பெண்களுக்குத் தலைவழியாகப் போடுகிற சட்டை. காலில் மாட்டுகிற உடுப்பு என்றால் போடும்போது ஒப்பரேஷன் செய்த கால் முதலில், கழற்றும்போது அந்தக் கால் கடைசியில். செருப்பு, பின்னால் வார் உள்ளதாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வருகிற பயணத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒப்பரேஷன் செய்தவர் கிளிநொச்சிக்கு வரவே ஏ9 வீதியில் 65 கிலோமீற்றர் அளவு இருக்கிறது, முல்லைத்தீவுப் பக்கம் என்றால் இன்னும் தூரம். ஓட்டோவின் பின் ஆசனம் பதிவு, கால் நீட்ட இடமில்லை. காரோ வானோ பிடித்து, முன் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளி, முதுகைச் சாய்த்து, இறுக்கமான தலையணை ஒன்று போட்டு, முதலில் ஆசனத்தில் இருந்துவிட்டுப் பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். வழியில் ஓரிடத்தில் இறக்கிக் கொஞ்சம் நிற்க வையுங்கள்.

நடை

வீட்டை உயர்த்தியாயிற்று, ஆளும் வந்தாயிற்று. இனி வருகிற பிரச்சினை பாசம். கனடாவிலிருந்து மகள் எடுத்து "அம்மாவை எழும்ப விடாதீங்கோ" என்பார், பக்கத்து வீட்டு மாமி "உடம்பு தேறட்டும், பிறகு நடக்கலாம்" என்பார். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் படுத்துக் கிடக்கக் கிடக்கக் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், பிட்டத்தில் படுக்கைப்புண் வரும், தசை கரையும், மலச்சிக்கல் சேரும். வயதானவர்களுக்கு இடுப்பு முறிந்த பிறகு உயிராபத்து வருவது பெரும்பாலும் இந்த வழிகளில். நடக்க அனுமதித்திருந்தால், கொஞ்சத் தூரம் பல தடவை என்று நடத்துங்கள். முதலில் கட்டிலிலிருந்து விறாந்தை வரை, பிறகு வாசல், பிறகு படலை. ஒரே தடவையில் நீளமாக நடத்திக் களைக்க வைப்பதால் பயனில்லை.

வோக்கரோடு நடக்கும் வரிசை: வோக்கரை வைத்து, ஒப்பரேஷன் செய்த காலை வைத்து, பிறகு நல்ல காலை வைப்பது. திரும்பும்போது அந்தக் காலில் நின்று சுழலக்கூடாது, சின்னச் சின்ன அடி வைத்து வளைந்து திரும்ப வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஒப்பரேஷன் செய்த கால் முதலில். ஏறுவதற்குத் தேவை உடம்பைத் தூக்கும் பலம், இறங்கும்போது உடம்பைத் தாங்கி நிற்பது மேல்படியில் இருக்கும் கால், இரண்டையும் நல்ல கால் செய்யட்டும் என்பதுதான் இதன் கணக்கு.

பிறகு வோக்கரை விட்டுப் பொல்லுக்கு மாறுகிற கட்டம் வரும். இங்கே பத்தில் ஒன்பது பேர் (நான் பார்த்த அளவில்) பொல்லை நோகிற பக்கத்துக் கையில் பிடிக்கிறார்கள். மற்றக் கையில் பிடிக்க வேண்டும். ஏன்? உள்ளே உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளை வைத்து ஜேர்மனியில் அளந்து பார்த்தபோது, சாதாரணமாக நடக்கையிலேயே இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல ஏறத்தாழ 2.4 மடங்கு பாரம் விழுவது தெரிந்தது. எடையைவிடக் கூடுதலாக எப்படி வரும் என்றால், ஒரு காலில் நிற்கிற நொடியில் உடம்பு மறுபக்கம் சரியப் பார்க்கிறது, அதைச் சரியவிடாமல் இடுப்பின் பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது, அந்த இழுவையும் மூட்டில்தான் போய் அமர்கிறது. மறுபக்கத்துக் கையில் பொல்லு இருந்தால் சரிவை அது தாங்கும், தசை குறைவாக இழுத்தால் போதும், மூட்டுக்குப் பாரம் நன்றாகக் குறையும். பொல்லின் உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வருகிற இடம் வரை.

நடக்காத நேரத்தில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலைக் கட்டிலோடு அழுத்தித் தொடையை இறுக்கி விடுவது, பிட்டத்தை இறுக்கி விடுவது. மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது. இரத்தம் ஓடுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெஸ்டமோல்ட், பிஸ்கட், அப்பிள் எல்லாம் சேர்ந்துவிடும், ஆனால் அவர்களோடு கதைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் ஒரே இருப்பில் இருப்பது கெடுதல். வந்தவர்களோடு முற்றத்தில் ஒரு சுற்று நடந்து கதைக்கலாமே.

நோ, எண்ணெய், பத்தியம்

நோவை அடக்கிக்கொண்டு படுத்திருப்பவர் நடக்க மாட்டார், ஆகவே நோ மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள். பனடோல் 500 மில்லிகிராம் என்றால் வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. மெலிந்த முதியவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு, டொக்டர் சொன்ன அளவு. பாமசியில் போய் "நோவுக்குக் கொஞ்சம் கடுமையானதாகத் தாங்கோ" என்று டைக்ளோபெனக் வகை வாங்கிக் கொடுக்க வேண்டாம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது, வெளியே தெரியாமலே சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இந்த மருந்துகள் நேரடிக் கேடு. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஊசியையோ மாத்திரையையோ "காயம் காய்ந்துவிட்டது" என்று இடையில் நிறுத்துவதும் வேண்டாம். ஒப்பரேஷனுக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் வரை அது தேவைப்படும்.

முறிவு நெரிவு வைத்தியம் நம் பக்கத்தில் பழைய நம்பிக்கை, அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் உள்ளே உலோகம் வைத்துத் தைத்த காலை இழுப்பதும் உருவுவதும் வேறு கதை. நோவெண்ணெய் காயத்தின் மேல் பட்டால் கிருமி சேரும். கெண்டைக்காலில் இரத்தக்கட்டி இருக்கும்போது உருவிவிட்டால் அது கழன்று நெஞ்சுக்குப் போகலாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

கால் வீக்கம் வாரக்கணக்கில் இருக்கும், பின்னேரத்தில் கூடும், விடியும்போது குறையும். தொடையிலிருந்து முழங்கால்வரை கறுத்து நீலமாக இறங்குவதும், தழும்பைச் சுற்றி மரத்துப்போவதும் வழமைதான்.

சாப்பாட்டில் பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சியும் பாணும் கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எலும்பும் தசையும் ஒட்டுவதற்குப் புரதம்தான் வேண்டும், அதை இந்த நேரத்தில் நிறுத்துவது எப்படிச் சரி? குளத்து மீன், நெத்தலி, முட்டை, பயறு, உழுந்து, எருமைத் தயிர், குரக்கன், முருங்கையிலை, எல்லாம் வீட்டிலோ வாசலிலோ கிடைப்பவை. சில நோ மருந்துகள் மலத்தை இறுக்கும், பப்பாசியும் தண்ணீரும் கூட்டிக் கொடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர் சீனியைக் கட்டுக்குள் வைத்திருக்காவிட்டால் காயம் ஆறாது. வருகிறவர் தருகிற நெஸ்டமோல்ட்டை இனிப்பாகக் கரைத்துக் கொடுக்கும் முன் இதை நினையுங்கள்.

இரவில் பேச்சு மாறினால்

இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. இடுப்பு முறிந்து ஒப்பரேஷன் செய்த வயதானவர்களில் பலருக்கு சில நாட்கள் மாறாட்டம் வரும். பகலில் ஒழுங்காக இருந்தவர் இரவில் பிள்ளையை அடையாளம் தெரியாமல் கேட்பார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், ஊசிக் குழாயைப் பிடுங்குவார். நம் ஊரில் சிலர் பங்கர் நாட்களுக்கே போய்விடுவார்கள், ஷெல் வருகிறது படுங்கோ என்று கத்துவார்கள். பேய் பிடித்துவிட்டது, மூளை பழுதாகிவிட்டது என்று வீடு பதறும். பெரும்பாலும் இதற்குப் பின்னால் சிறுநீர்க் கிருமி, சலம் அடைப்பு, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, அடங்காத நோ, புது மருந்து என்று ஏதாவது ஒன்று இருக்கும். கண்டுபிடித்தால் சரியாக்கலாம், ஆகவே டொக்டரிடம் காட்டுங்கள். அதுவரைக்கும் அறையில் சிறிய வெளிச்சம், அவருடைய மூக்குக்கண்ணாடி, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில். நீ சொல்வது பொய் என்று வாதாட வேண்டாம், இன்றைக்கு என்ன நாள், எந்த இடம், யார் பக்கத்தில் இருக்கிறார் என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கட்டி வைப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

காத்திருக்கக்கூடாத நேரங்கள்

திடீரென்று தாங்க முடியாத நோ வந்து, அந்தக் கால் மற்றதைவிடக் கட்டையாகி, பாதம் உள்நோக்கித் திரும்பி, ஊன்ற முடியாமல் போனால் மூட்டு கழன்றிருக்கலாம். இழுத்துப் பார்க்காமல், தண்ணீரும் கொடுக்காமல் (மயக்க மருந்து தேவைப்படலாம்) ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அமர்த்தினால் நொந்தால் இரத்தக்கட்டி. அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ இரத்தம் கலந்த சளி வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. காயம் சிவந்து, சூடாகி, சீழோ தண்ணீரோ கசிந்தாலும், காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள், வீட்டிலிருக்கிற அன்டிபயோட்டிக்கைப் போட்டு மூடி மறைக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஒழுங்கைக்குள் வீடு என்றால் பிரதான வீதியில் ஒருவரை நிறுத்தி வையுங்கள்.

பிறகு?

6 வாரம், 3 மாதம் என்று கிளினிக் திகதிகள் தருவார்கள், எக்ஸ்ரே பார்த்துவிட்டுத்தான் அடுத்தது சொல்வார்கள். நடை நன்றாக வந்துவிட்டது என்று கிளினிக்கை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், கதவு அங்கேதான் திறக்கும்: சைக்கிள் ஓடலாமா, வயலில் இறங்கலாமா, பக்கவாட்டில் படுக்கலாமா, குந்தலாமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எலும்பைப் பொருத்தியவருக்கு எலும்பு சேர்ந்த பிறகு நிறையத் திரும்பக் கிடைக்கும். மூட்டு மாற்றியவர் வரம்பில் நடக்கலாம், மேற்பார்வை செய்யலாம், ஆனால் குந்தி இருந்து களை பிடுங்குவதையும் பந்தியில் நிலத்தில் இருந்து சாப்பிடுவதையும் பொதுவாக விட்டுவிடச் சொல்வார்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ போகிறவர் ஒரு கதிரையைக் கொண்டுபோவதில் வெட்கம் எதுவும் இல்லை. சறுக்கி விழுந்ததற்கே இடுப்பு முறிந்தவரின் எலும்பு பலவீனமாக இருக்கிறது என்று அர்த்தம், அதற்கான மருந்து வேண்டுமா என்பதையும் அதே கிளினிக்கில் கேட்டுவிடுங்கள், மற்ற இடுப்பும் அதே உடம்பில்தான் இருக்கிறது.

டயக்னோசிஸ் கார்ட்டை லமினேட் செய்யாமல், ஒரு பிளாஸ்டிக் உறையில் அடையாள அட்டையோடு வையுங்கள். விமான நிலையத்தில் கருவி சத்தம் போட்டால் காட்டலாம். பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்க வேண்டிவந்தால் உள்ளே இருக்கும் உலோகத்தைப் பற்றி எடுக்கிறவருக்குத் தெரிய வேண்டும், அதோடு உடம்பில் எங்காவது பழைய ஷெல் துண்டு இருந்தால் அதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள், கார்ட்டில் அது எழுதியிருக்காது.